களிமண் விட்டுத்தராத ஆர்.என்.ஏ.

விருத்தாசலத்தில் செராமிக் தொழில் செய்கிறவர்கள் இரும்பைப் பற்றிப் பேசினால் குரலில் ஒரு சலிப்பு தட்டும். களிமண்ணில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இரும்பு ஆக்சைடு கூடிவிட்டால் போதும், வெள்ளையாக வரவேண்டிய கோப்பை சூளையிலிருந்து மஞ்சள் பூத்து வரும். சில கோப்பைகளில் ஊசியால் குத்தியதுபோல் கரும்புள்ளி விழுந்திருக்கும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அகற்றும்போது கிடைக்கிற களிமண்தான் இந்தத் தொழில் இங்கே வேர்விட்டதற்கு முக்கியக் காரணம். குழைவு அதிகம், வார்ப்புக்கு நன்றாக நிற்கும். ஆனால் எல்லா லோடும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பட்டறைக்காரர் கையில் ஒரு கட்டியை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தே, "இது சூளையில சிவக்கும்" என்று சொல்லிவிடுவார்.

அவர்கள் விரட்டுகிற அந்த இரும்பின் பின்னால்தான் நான் அலைகிறேன். பாக்டீரியாவின் மரபணுக்களில் எது எந்த நேரத்தில் வேலை செய்கிறது, எது வாய் மூடிக் கிடக்கிறது என்று பார்ப்பது என் தொழில். அதில் களிமண்ணுக்குள் வாழ்ந்துகொண்டு இரும்பைச் சுவாசிக்கும் வகைகள் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

சுவாசிப்பது என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. நாம் சாப்பிட்ட உணவிலிருந்து பிரியும் எலெக்ட்ரான்களைக் கடைசியாக வாங்கிக்கொள்வது நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அந்த எலெக்ட்ரான்களை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டுமே? துருவில் இருக்கும் இரும்பு வாங்கிக்கொள்ளும். வாங்கியதும் மூன்று மின்னூட்ட நிலையிலிருந்து இரண்டுக்கு இறங்கிவிடும். செம்மஞ்சள் போய்ச் சாம்பல் பச்சை வரும். செராமிக் கல்லூரி மாணவர்களுக்கு இது முதல் வருடப் பாடம். சூளையில் காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் அதே மாற்றம் ஆயிரம் டிகிரிக்கு மேலே நடக்கும். பாக்டீரியா அதையே நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் வெப்பத்தில் செய்கிறது.

1988-இல் சார்ல்ஸ் மையர்ஸ், கென்னத் நீல்சன் இருவரும் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒனைடா ஏரியின் சேற்றிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவைப் பற்றி எழுதினார்கள். மாங்கனீசு ஆக்சைடின் மேல் உட்கார்ந்து அதைச் சுவாசித்தே அது வளர்ந்தது. இரும்பும் அதற்கு ஒத்துக்கொள்ளும். இன்று அதன் பெயர் ஷிவனெல்லா ஒனைடென்சிஸ். 2002-இல் அதன் மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்டபோது சைட்டோகுரோம் வகைப் புரதங்களுக்கான மரபணுக்கள் மட்டும் நாற்பதை ஒட்டி இருந்தன. எலெக்ட்ரானைக் கைமாற்றிக் கைமாற்றிச் செல்லுக்கு வெளியே கொண்டுபோகும் புரதங்கள் அவை. உள் சவ்வில் சைம்-ஏ வாங்கி எம்.டி.ஆர்.-ஏ.விடம் கொடுக்கும், வெளிச் சவ்வில் எம்.டி.ஆர்.-பி. ஒரு குழாயாக நிற்கும்; அதன் வழியே வெளியே உள்ள எம்.டி.ஆர்.-சி.க்குப் போகும், அது மண் துகளின் மேல் உள்ள இரும்பிடம் சேர்த்துவிடும். எம்.டி.ஆர்.-ஏ.யிலும் எம்.டி.ஆர்.-சி.யிலும் பத்துப் பத்து ஹீம். ஒவ்வொரு ஹீமுக்கும் நடுவில் ஓர் இரும்பு அணு. வெளியே உள்ள இரும்பைச் சுவாசிக்க உள்ளே இத்தனை இரும்பு வேண்டியிருக்கிறது. நன்றாக வளர்ந்த ஷிவனெல்லாவை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி அடியில் படியவைத்தால் படிவு இளஞ்சிவப்பாக இருக்கும். புதிதாக வரும் மாணவர்களிடம் நான் முதலில் காட்டுவது அந்த நிறத்தைத்தான்.

இந்த மரபணுக்களெல்லாம் அந்தச் செல்லில் எப்போதும் இருக்கின்றன. ஆனால் பக்கத்தில் ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் அது இரும்பை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆக்சிஜன் தீர்ந்த பிறகுதான் எம்.டி.ஆர். வரிசை முழு வேகத்தில் படியெடுக்கப்படுகிறது. ஆகவே, "இந்த மண்ணில் இரும்பைச் சுவாசிக்கும் பாக்டீரியா இருக்கிறதா?" என்ற கேள்வி எனக்கு அரைக் கேள்விதான். இருந்துகொண்டு சும்மா இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பது மீதி. டி.என்.ஏ.வைப் பார்த்தால் முதல் பாதிக்குத்தான் விடை வரும். இரண்டாவதற்கு, வேலை செய்யும் மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு வழி போட்டவர்கள் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஃபிரான்சுவா ஜாக்கபும் ஜாக் மோனோவும். ஈ.கோலை பாக்டீரியா பால் சர்க்கரை கிடைத்தால் மட்டும் அதைச் செரிக்கும் நொதியைச் செய்கிறது, கிடைக்காவிட்டால் அந்த மரபணுவின் மேல் ஓர் அடக்கி உட்கார்ந்திருக்கிறது என்று 1961-இல் எழுதினார்கள். 1965-இல் ஆந்திரே லுவோஃபுடன் சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்கள். இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. எனக்கு இதைவிட நெருக்கமானது பின்னால் நம் பக்கத்தில் நடந்த ஒரு வேலை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ஜெ. கௌரிசங்கர், மருத்துவத்துக்குப் போகாமல் மெல்போர்னில் பாக்டீரியா மரபியலில் ஆராய்ச்சி செய்து, பிறகு ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தில் சேர்ந்தார். உப்பு மிகுந்த நீரில் விழுந்த ஈ.கோலை எந்த மரபணுக்களை எழுப்பிச் சமாளிக்கிறது என்பது அவர் கேள்வி. எதைத் தேட வேண்டும் என்றே தெரியாதபோது எப்படித் தேடுவது? பால் சர்க்கரை நொதியைத் தரும் லாக் மரபணுவை, தனக்கென்று தொடக்கப் பகுதி இல்லாதபடி, சுமந்துகொண்டு போய் எங்காவது செருகிக்கொள்ளும் ஒரு வைரஸ் அப்போது கைக்கு வந்திருந்தது. அது எந்த மரபணுவுக்குள் விழுகிறதோ அதன் அதிகாரத்துக்கு லாக் கட்டுப்பட்டுவிடும். அந்த மரபணு எழுந்தால் லாக் நொதி உண்டாகும்; நொதியின் அளவை நிறத்தை வைத்தே அளக்கலாம். இப்படிப் பல செல்களில் செருகிவிட்டு, உப்பு சேர்த்தால் மட்டும் நிறம் கூடுகிறவற்றைப் பொறுக்கினார். 1985-இல் வெளியான கட்டுரையில் புரோ-யு என்ற மரபணு இருந்தது. உப்பு ஏறினால் நூறு மடங்குக்கும் மேலே எழும்பி, கிளைசின் பீட்டைன் போன்ற காப்புப் பொருள்களை உள்ளே இழுக்கும் புரதங்களை அது தருகிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஒரு வைரஸ், நிறம் காட்டும் தட்டுகள், பொறுமை. கருவி இல்லை என்று யாராவது என்னிடம் புலம்பினால் இந்தக் கட்டுரையை எடுத்து நீட்டுவது என் வழக்கம்.

அந்த வகை வைரஸை 1979-இல் உருவாக்கியவர்களில் ஒருவர் மால்கம் கசடபன். அவர் 2009-இல் சிகாகோவில் இறந்தார். ஆய்வகத்தில் கையாண்ட வீரியம் குறைத்த பிளேக் கிருமியே காரணம். அந்த வகையால் உடலிலிருந்து இரும்பை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் ஆபத்தில்லாதது என்று எண்ணப்பட்டது. ஆனால் அவர் உடலில் இரும்பு மிதமிஞ்சிச் சேரும் பரம்பரைக் கோளாறு இருந்திருக்கிறது. அது அவருக்கே தெரியாது. கிருமிக்கு இல்லாத திறமையை அவர் உடலே ஈடுகட்டிவிட்டது போலும் என்று பின்னால் எழுதினார்கள். கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் மாணவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

கௌரிசங்கர் பின்னாளில் ஆர். ஹரிநாராயணனுடன் சேர்ந்து 2004-இல் கேட்ட கேள்வி இன்னும் அடிப்படையானது. பாக்டீரியாவில் ஆர்.என்.ஏ. முழுதாக எழுதி முடிக்கப்படும் முன்பே ரைபோசோம்கள் அதில் ஏறிப் புரதம் செய்யத் தொடங்கிவிடுகின்றன. ஈ.கோலையில் எழுதும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 45 எழுத்து. ரைபோசோமின் வேகம் நொடிக்கு 15 அமினோ அமிலம். மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்றால் இரண்டும் ஒரே வேகம். ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு ஓட வேண்டும்? ரைபோசோம் ஏறாத வெற்று ஆர்.என்.ஏ. பின்னாலேயே திரும்பித் தன் டி.என்.ஏ. அச்சுடன் போய் ஒட்டிக்கொண்டால் செல்லுக்கே ஆபத்து. அதைத் தடுக்கத்தான் என்பது அவர்களின் வாதம். 2020-இல் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவில் எழுதும் இயந்திரம் ரைபோசோமைப் பின்னால் விட்டுவிட்டு ஓடுகிறது என்று வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக, ஈ.கோலைக்குப் பொருந்துவது எல்லாருக்கும் பொருந்தாது. ஷிவனெல்லாவிலும் எனக்கு இந்த எச்சரிக்கை உண்டு. ஈ.கோலையில் சி.ஆர்.பி. என்ற புரதம் குளுக்கோஸ் தீர்ந்ததைச் சொல்லும். ஷிவனெல்லாவிலோ அதே குடும்பத்துப் புரதம்தான் ஆக்சிஜன் இல்லாத சுவாசத்தையே நடத்துகிறது.

இனி களிமண்.

தூதர் ஆர்.என்.ஏ.க்கு ஆயுள் மிகக் குறைவு. ஈ.கோலையில் பெரும்பாலானவை சில நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். எனவே நீங்கள் அளப்பது எப்போதும் கடந்த சில நிமிடங்களின் கதை. காற்றுப் புகாமல் அடைத்த பாட்டிலில் பாக்டீரியா இரும்பைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறது. மூடியைத் திறந்த கணமே ஆக்சிஜன் உள்ளே போய்விடும். குழாயை மாற்றி, லேபிள் எழுதி, சென்ட்ரிஃபியூஜை நோக்கி நடப்பதற்குள் அது வேறு வாழ்க்கைக்குத் திரும்பியிருக்கும். பிறகு எடுத்துப் பார்ப்பது ஆய்வகத்து மேசையின் கதை, மண்ணின் கதை அல்ல. அதனால் ரப்பர் அடைப்பின் வழியே ஊசியைச் செருகி, குளிர்ந்த எத்தனாலும் ஃபீனாலும் கலந்த திரவத்தை உள்ளேயே செலுத்தி, அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம். ஐஸ் மட்டும் போதாது. குளிர் வேறு தன் பங்குக்குச் சில மரபணுக்களை எழுப்பிவிடும்.

அடுத்த தொல்லை மண்ணிடமிருந்து. களிமண் துகளின் தட்டைப் பரப்பில் எதிர் மின்னூட்டம், ஆர்.என்.ஏ.யின் பாஸ்பேட்டிலும் எதிர் மின்னூட்டம். ஒன்றையொன்று விலக்க வேண்டும். ஆனால் நடுவில் கால்சியமும் மக்னீசியமும் புகுந்து இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடும். துகளின் ஓரங்கள் வேறு நேரடியாகவே பிடித்துக்கொள்ளும். செல்லை உடைத்ததும் வெளிவரும் ஆர்.என்.ஏ. நம் கைக்கு வருமுன் களிமண்ணில் போய் அப்பிக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் உட்கார வருகிறவர்களுக்கு முன்னாலேயே பாதி இலைகளில் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவது போல, செல்லை உடைக்கும் முன்பே மண்ணின் இடங்களையெல்லாம் வேறெதனாலாவது நிரப்பிவிட வேண்டும். பாஸ்பேட் கரைசல் ஒன்று. கொழுப்பெடுத்த பால் பவுடரின் புரதம் இன்னொன்று. சால்மன் மீனின் டி.என்.ஏ.யைப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் பிறகு ஆர்.என்.ஏ.யை அளக்கும்போது அதுவும் கணக்கில் நுழைந்து குழப்பும். எனக்குப் பால் பவுடர்தான் பிடிக்கும். மலிவு, பக்கத்துக் கடையில் கிடைக்கும், மிகையாகிவிட்டால் கலங்கலாகக் கண்ணுக்கே தெரியும்.

(இந்த ஒட்டுதலை வரமாகப் பார்த்தவரும் இருந்தார். அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் ஃபெரிஸ் மான்ட்மோரிலோனைட் களிமண்ணின் மேல் ஆர்.என்.ஏ.யின் துண்டுகள் தாமாகச் சேர்ந்து நீண்ட இழையாவதைக் காட்டினார். உயிரின் தொடக்கத்துக்கே களிமண் மேடையாக இருந்திருக்கலாம் என்பது அவர் கட்சி. இழையைப் பிரிக்கப் பாடுபடும்போது எனக்கு அந்தக் கட்சியில் நம்பிக்கை கூடுகிறது.)

மூன்றாவது, நிலக்கரியின் நிழல். நெய்வேலிக் களிமண்ணுக்குக் குழைவைத் தருவதில் அதிலுள்ள மக்கிய தாவரப் பொருளுக்கும் பங்குண்டு. அதே பொருள் ஆர்.என்.ஏ.யுடன் கூடவே வந்து குழாயில் தேநீர் நிறத்தில் நிற்கும். மரபணுவைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். நொதியை அது முடக்கும். முடக்கிவிட்டால் "மரபணு அடங்கியிருக்கிறது" என்று கருவி சொல்லும். உண்மையில் அடங்கியது நம் நொதி. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்துப் போட வேண்டும். சுத்தமான மாதிரி என்றால் வளைவு மூன்றேகால் சுழற்சிக்குச் சற்று அதிகமாகத் தாமதிக்கும். நீர்த்தது தாமதிக்காமல், சில சமயம் முன்னதாகவே எழும்பினால், மூல மாதிரியில் முடக்கும் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். இந்த வேலையைச் செய்யாமல் கொண்டுவரும் வரைபடத்தை நான் பார்ப்பதில்லை. ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.வாக மாற்றும் நொதியைச் சேர்க்காத ஒரு குழாயும் ஒவ்வொரு முறையும் ஓட வேண்டும். அதில் வளைவு எழுந்தால் நாம் அளப்பது மிஞ்சிய டி.என்.ஏ.யை.

எதோடு ஒப்பிட்டு அளப்பது என்பது இன்னொரு வழக்கு. ஆக்சிஜனிலிருந்து இரும்புக்கு மாறும்போது செல்லில் ஏராளமானவை மாறுகின்றன. மாறாமல் நிற்கும் மரபணு எது? ரைபோசோம் ஆர்.என்.ஏ. செல்லின் மொத்த ஆர்.என்.ஏ.யில் எண்பது சதத்துக்கும் மேல். நாம் தேடும் தூதரோ செல்லுக்கு ஓரிரண்டு பிரதிதான், பல நேரம் அதுவும் இருக்காது. அவ்வளவு பெரியதை வைத்து இவ்வளவு சிறியதை அளக்க நான் விரும்பமாட்டேன். இரண்டு மூன்று மரபணுக்களை எடுத்து, இந்த மண்ணிலேயே அவை ஆடாமல் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் அளவுகோலாக வைப்போம். ஷிவனெல்லாவுக்காகச் செய்த பிரைமர், இரும்பைச் சுவாசிக்கும் இன்னொரு வகையான ஜியோபாக்டரின் மரபணுவைப் பிடிக்காது என்பதால், முதலில் மண்ணைக் கிருமிநீக்கம் செய்து ஒரே வகையை விட்டுப் பார்க்கிறோம். இயற்கைச் சேற்றின் கூட்டம் அதற்குப் பின்.

இத்தனைக்குப் பிறகும் தூதர் என்பது செயல் அல்ல. எம்.டி.ஆர். புரதங்கள் ஒருமுறை உண்டானால் தூதர் மறைந்த பின்னும் வேலையைத் தொடரும். அதனால் ஆர்.என்.ஏ. எடுக்கும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் பக்கத்தில் ஃபினாந்திரோலின் சொட்டிய ஒரு குழாய் நிற்கும். எலெக்ட்ரான் வாங்கிய இரும்பு கரைந்திருந்தால் அது செம்மஞ்சளாகும். இன்று பல ஆய்வகங்கள் எல்லா மரபணுக்களையும் ஒரே ஓட்டத்தில் படித்து ஆயிரக்கணக்கான வரிகளில் சிவப்பும் நீலமுமாக வரைபடம் தருகின்றன. அழகுதான். ஆனால் பாட்டிலின் நிறத்தைப் பார்க்காமல் அந்த வரைபடத்தை மட்டும் பார்த்துப் பேசுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

பட்டறைக்காரர்களோடு பேச்சு தொடங்கியது இரும்பால் அல்ல, கிளேஸ் பூச்சால். கிளேஸ் துகள்கள் படியாமல் மிதக்கவும் பாத்திரத்தில் ஒட்டவும் சி.எம்.சி. என்ற பசையைச் சேர்ப்பார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அது டிரம்மில் நீர்த்துப்போய் நாறும். மேலே பூசியது வழியும். சி.எம்.சி. என்பது மாற்றிய செல்லுலோஸ். அதன் நீண்ட சங்கிலியில் பாக்டீரியா நொதி அங்கங்கே சில வெட்டு வெட்டினாலே கெட்டித்தன்மை போய்விடும். முழுவதும் தின்ன வேண்டியதில்லை. அந்த நொதிகளின் மரபணுக்கள் பல பாக்டீரியாக்களில் எளிய சர்க்கரை கிடைத்துக்கொண்டிருக்கும்வரை அடங்கியிருக்கும். அது தீர்ந்தால் எழும். பழைய டிரம்மில் மிச்சம் வைத்து அதன் மேலேயே புதிதாகக் கரைத்து ஊற்றுவது என்பது ஏற்கெனவே மரபணு எழும்பிய கூட்டத்துக்கு விருந்து வைப்பது. டிரம்மைக் கழுவிக் காயவைத்துப் புதிதாகக் கரையுங்கள் என்று சொன்னேன். அதுவே பெரும்பாலும் போதுமாயிருந்தது.

அதன் பிறகு, மண்ணிலுள்ள பாக்டீரியாவுக்குத் தீனி கொடுத்து இரும்பை நீக்கிப் பார்க்கலாம் என்று சொன்னபோது ஒரு பட்டறையின் மூத்த மேஸ்திரி சிரித்துவிட்டார். "கிருமின்னா பினாயில் ஊத்திக் கொல்லணும்னுதான் தெரியும் மேடம். நீங்க அதுக்குச் சோறு போடச் சொல்றீங்களே?"

"உங்க அப்பா காலத்துல மண்ணைப் பிசைஞ்சு ஈரச் சாக்குல சுத்தி வெச்சிருப்பாங்களே அண்ணே, அதுவும் சோறு போட்டதுதான்."

"ஆமா, நாறும். நாறுனாத்தான் கைக்கு வரும்பாங்க."

ஊறவைத்த களிமண்ணில் பாக்டீரியா வளர்ந்து சுரக்கும் கோந்துப் பொருளும் அமிலங்களும் குழைவைக் கூட்டுவதில் பங்கெடுக்கின்றன. இது பல நாட்டுக் குயவர்களுக்குத் தெரிந்த பழைய வழக்கம். மேஸ்திரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் கேட்டது வேறு: இதனால் மண் வெளுக்குமா?

ஆக்சிஜன் குறைந்தால் மரபணு எழும் கதையை இந்த ஊரில் வேறோர் இடத்திலும் காட்டலாம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது, வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் நிலக்கடலை, முந்திரி ரகங்கள் அங்கிருந்து வந்தவை. கடலைச் செடியைப் பிடுங்கி வேர் முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அதற்குள் இருக்கும் ரைசோபியம் வகைப் பாக்டீரியா ஃபிக்ஸ்-எல் என்ற புரதத்தால் ஆக்சிஜன் குறைவை உணர்ந்து நைட்ரஜனைப் பிடிக்கும் வேலையைத் தொடங்குகிறது. ஆக்சிஜனை உணரும் அந்தப் புரதத்தின் நடுவிலும் ஒரு ஹீம், ஓர் இரும்பு. களிமண் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போக முடியாத பள்ளிகளுக்கு நான் கடலைச் செடியோடுதான் போவேன்.

மேஸ்திரியின் கேள்விக்கு வருகிறேன். வெளுக்கும். 1999-இல் தென் கொரிய ஆய்வாளர்கள் களிமண்ணில் இயல்பாகவே உள்ள, இரும்பைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரை கொடுத்து இரும்பை இறக்கிக் காட்டியிருக்கிறார்கள். பெரிய ஆலைகள் கயோலினை வெளுக்க சோடியம் டைதயோனைட் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்துகின்றன. அதுவும் செய்வது இரும்புக்கு எலெக்ட்ரான் கொடுப்பதைத்தான்.

சர்க்கரைக்குப் பதிலாக மலிவாக எதைக் கொடுக்கலாம் என்று யோசித்தால் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு ஆலை இருக்கிறது, மொலாசஸ் கிடைக்கும். ஆனால் மொலாசஸில் சல்ஃபேட் உண்டு. சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் வேறொரு கூட்டம் மண்ணில் காத்திருக்கிறது. அந்தச் சுவாசத்துக்கு வேண்டிய டி.எஸ்.ஆர். மரபணுக்கள் எழும்பினால் அது சல்ஃபைடை வெளியிடும். சல்ஃபைடும் இரும்பும் சேர்ந்தால் கரியைப்போல் கறுப்பு. ஆகவே ஒரே மண், ஒரே தீனி, இரண்டு கூட்டம். எந்தக் கூட்டத்தின் மரபணு முதலில் எழுகிறது என்பதைப் பொறுத்து பாட்டில் சாம்பலாகும் அல்லது கறுக்கும். இப்போது எங்கள் வேலை, கறுப்பதற்கு எவ்வளவு நேரம் முன்பே டி.எஸ்.ஆர். தூதர் எழும்புகிறது என்று பார்ப்பது. முன்கூட்டித் தெரிந்தால் அந்த நேரத்தில் மண்ணை வடித்துவிடலாம்.

வடித்தால் மட்டும் முடிந்துவிடாது. எலெக்ட்ரான் வாங்கிய இரும்பு நீரில் கரைந்து நிற்கும்போதே அதை வெளியேற்ற வேண்டும். மண்ணை அப்படியே உலரவிட்டால் காற்றுப் பட்டு மறுபடி துருவாகி அங்கேயே படியும். அதாவது கழுவ வேண்டும், அதுவும் ஒரு தரம் அல்ல. மணிமுத்தாற்றில் மணல் மட்டும் தெரியும் மாதங்களில் அந்தத் தண்ணீர் லாரியில்தான் வர வேண்டும். தண்ணீர், மொலாசஸ், நாள் கணக்கில் தொட்டியை அடைத்து வைக்கும் இடம் மூன்றையும் சேர்த்து மேஸ்திரியும் நானும் ஒரு சிமென்ட் பையின் பின்பக்கத்தில் போட்ட கணக்கில் இப்போதைக்கு டைதயோனைட்தான் மலிவாக வருகிறது. கழுவிய நீரைத் தெளியவைத்து இரும்பைப் படியவிட்டு மறுபடி தொட்டிக்கே அனுப்பினால் கணக்கு எப்படி மாறும் என்று அவர் கேட்டிருக்கிறார்.